பொம்பெய் சிவப்பு: ஓவியர் பூசியது எவ்வளவு, எரிமலை சுட்டது எவ்வளவு?

கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெய் என்றதும் நினைவுக்கு வருபவை அந்த அடர் சிவப்புச் சுவர்கள்தான். அந்தச் சிவப்பில் ஒரு பங்கு முதலில் மஞ்சளாக இருந்தது, வெசூவியஸ் எரிமலையின் வெப்பம்தான் அதைச் சிவப்பாக்கியது என்று 2011இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தச் செய்தி இன்னும் ஓயவில்லை. அவ்வப்போது புதிதுபோலக் கிளம்பி வருகிறது; வரும்போதெல்லாம் கொஞ்சம் சுருங்கியும் வருகிறது. இப்போது "பொம்பெய் சிவப்பே பொய்" என்ற ஒற்றை வரியாகிவிட்டது.

ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஒரு பழைய ரோமானியச் சுவரில் இன்று நாம் காணும் நிறம் மூன்று தரப்பின் வேலை. பூசியவர் ஓவியர். சுட்டது கி.பி. 79இல் வெடித்த எரிமலை. 18ஆம் நூற்றாண்டில் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்த நாள் முதல் காற்றும் வெயிலும் மனிதக் கைகளும் அதை மாற்றிக்கொண்டே வருகின்றன. நிறமி ஆய்வின் உண்மையான வேலை இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது. அது ஏன் கடினம், எப்படிச் செய்கிறார்கள், அதனால் என்ன பயன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

நிறமி சுவரில் எப்படி ஒட்டுகிறது?

நிறமி என்பது நீரில் கரையாத, நிறமுள்ள நுண்தூள். சாயம் கரையும், நிறமி கரையாது; எனவே அதைச் சுவரில் பிடித்து வைக்க ஏதாவது ஒன்று வேண்டும். ரோமானியர் பெரும்பாலும் அந்த வேலையைச் சுண்ணாம்பிடம் ஒப்படைத்தார்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே, நீரில் குழைத்த நிறமியை அதன்மேல் தீட்டுவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக இறுகும். அப்போது நிறமித் துகள்கள் கல்லுக்குள் சிக்கிக்கொள்கின்றன. இதைத்தான் ஃப்ரெஸ்கோ என்கிறோம்.

கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியஸ், அடிப்பூச்சின் மேல் மணல் கலந்த சாந்து மூன்று முறையும் பளிங்குத் தூள் கலந்த சாந்து மூன்று முறையும் பூசச் சொல்கிறார். பொம்பெய் வீடுகளில் அத்தனை அடுக்குகளை எதிர்பார்க்க முடியாது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

ஈரச் சுண்ணாம்பு கடும் காரத்தன்மை உடையது. அதைத் தாங்கும் நிறமிகளே ஃப்ரெஸ்கோவுக்கு ஆகும். தாங்காதவற்றைச் சுவர் காய்ந்த பிறகு பசை சேர்த்துத்தான் பூச வேண்டும். அப்படிப் பூசியவை முதலில் உதிர்ந்துவிடும். ஆகவே நாம் காணும் சுவர், பூசியவற்றில் தப்பிப் பிழைத்த நிறங்களின் சுவர் மட்டுமே.

ரோமானிய ஓவியரின் பொருட்கள்

1. காவி மண்கள். மலிவானவை, எங்கும் கிடைப்பவை. மஞ்சள் காவியின் நிறத்துக்குக் காரணம் கோத்தைட் என்ற கனிமம். நீர்க்கூறு கொண்ட இரும்பு ஆக்சைடு அது. செங்காவியின் நிறத்துக்குக் காரணம் ஹேமடைட். அதுவும் இரும்பு ஆக்சைடுதான், ஆனால் நீர்க்கூறு கிடையாது. இந்த ஒரே வேறுபாடுதான் கீழே வரும் சிக்கல் முழுவதற்கும் வேர்.

2. கறுப்புக்குக் கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு வகைகள், பச்சைக்குச் செலடனைட், கிளாக்கோனைட் கனிமங்கள் கொண்ட பச்சை மண்.

3. சாதிலிங்கம். சித்த மருத்துவத்தில் நாம் கேள்விப்படும் அதே பாதரசச் சல்பைடு. ரோமுக்கு இது பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து வந்தது. அங்கே சிசாப்போ சுரங்கத்தில் எடுத்த தாதுவை அங்கேயே சுத்திகரிக்க அனுமதி இல்லை. முத்திரையிட்டு ரோமுக்கு அனுப்பினார்கள், ஆண்டுக்குச் சுமார் 2000 ராத்தல் என்று ரோமானிய நூலாசிரியர் பிளினி எழுதுகிறார். விலை தாறுமாறாக ஏறாதபடி ராத்தலுக்கு 70 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) என்று சட்டமே வரம்பு கட்டியிருந்தது. இவ்வளவு விலையுள்ள நிறமியை ஓவியர் வாங்குவதில்லை, வீட்டுக்காரரே வாங்கித் தருவார். அதிலும் ஒரு திருட்டு உண்டு. ஓவியர்கள் தூரிகையை அடிக்கடி கழுவுவார்களாம். கனமான சாதிலிங்கம் நீரின் அடியில் தங்கிவிடும், அது அவர்களுக்கு. பிளினி இதை எழுதி வைத்திருக்கிறார்.

4. எகிப்திய நீலம். மனிதர் உருவாக்கிய மிகப் பழைய செயற்கை நிறமிகளில் ஒன்று. மணலையும் செம்பையும் நேட்ரான் என்ற இயற்கைச் சோடா உப்பையும் சேர்த்துச் சூளையில் சுட்டுச் செய்வது. வெஸ்டோரியஸ் என்பவர் இதன் தயாரிப்பைப் புத்தியோலி நகரில் தொடங்கினார் என்று விட்ருவியஸ் சொல்கிறார். இன்றைய பொட்சுவோலி அது, பொம்பெயிலிருந்து தொலைவில்லை.

5. இந்தியாவிலிருந்து போன நீலம். பிளினி இதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்: போலியா அசலா என்று அறிய நெருப்புத் தணலில் இட்டுப் பார்க்க வேண்டும், அசல் என்றால் ஊதா நிறச் சுடர் எழும் என்கிறார். நம் அவுரிச் செடி தரும் நீலம்தான். இதையும் வீட்டுக்காரரே வாங்கித் தர வேண்டிய விலையுயர்ந்த நிறங்களின் பட்டியலில்தான் அவர் வைத்திருக்கிறார்.

கருவிகள் என்ன சொல்லும், என்ன சொல்லாது

ரோமானிய நிறங்களை வேதியியல் முறையில் ஆராய்வது புதிதல்ல. பொம்பெயில் கிடைத்த நிறமிகளைப் பிரெஞ்சு வேதியியலாளர் ஷப்தால் 1809இல் ஆராய்ந்தார். 1814இல் இத்தாலிக்கு வந்த ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, ரோமிலும் பொம்பெயிலும் கிடைத்த மாதிரிகளைச் சோதித்து அடுத்த ஆண்டு கட்டுரை வெளியிட்டார். எகிப்திய நீலத்தைத் தாமே செய்தும் பார்த்தார்: சோடா 15 பங்கு, பொடித்த சிக்கிமுக்கிக் கல் 20 பங்கு, செம்புத் துருவல் 3 பங்கு, இரண்டு மணி நேரக் கடும் சூடு. கேட்பதற்குச் சமையல் குறிப்பு போல இருந்தாலும், ஒரு பொருளைப் புரிந்துகொண்டதற்கு அதைத் திரும்பச் செய்து காட்டுவதைவிட நல்ல சான்று கிடையாது.

அன்று சோதனைக்காகச் சுவரைச் சுரண்ட வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான வேலையைச் சுவரைத் தொடாமலே செய்கிறார்கள். முக்கியமானவை நான்கு.

1. எக்ஸ் கதிர் ஒளிர்வு. சுவரில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், அங்குள்ள தனிமங்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி வெளியிடும். பாதரசம், செம்பு, ஈயம், இரும்பு எனப் பட்டியல் கிடைத்துவிடும். ஆனால் தனிமம் மட்டும்தான் தெரியும், சேர்மம் தெரியாது.

2. ராமன் நிறமாலை. லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறித் திரும்பும் ஒளியின் சிறு ஆற்றல் மாற்றங்களைப் படிப்பது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவுதான் இதன் அடித்தளம். இது கனிமத்தையே அடையாளம் காட்டும்: கோத்தைட்டையும் ஹேமடைட்டையும் பிரித்துச் சொல்லும்.

3. ஒளிர்வுப் புகைப்படம். எகிப்திய நீலத்தின் மீது கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டால், அது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், ஏறத்தாழ 910 நானோமீட்டரில், பளிச்சென்று ஒளிர்கிறது. அகச்சிவப்பை மட்டும் பிடிக்கும் கேமராவில் ஒற்றைத் துகள்கூட வெண்புள்ளியாகத் தெரியும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் இடங்களிலும் இந்தப் புள்ளிகள் கிடைப்பதுண்டு. வெள்ளையைக் குளிர்ச்சியாகக் காட்ட ஓவியர் துளி நீலம் கலந்ததற்கு அது சாட்சி.

4. குறுக்கு வெட்டு. கடுகளவு துணுக்கை எடுத்துப் பக்கவாட்டில் நுண்ணோக்கியில் பார்ப்பது. எந்த அடுக்கின் மேல் எந்த அடுக்கு என்பது இதில்தான் தெளிவாகும். சாதிலிங்கத்துக்குக் கீழே மலிவான காவி அடுக்கு பூசியிருப்பது இப்படித்தான் தெரியவருகிறது. காசு எங்கே மிச்சப்பட்டது என்பதை அந்தத் துணுக்கே சொல்லிவிடும்.

இவற்றின் ஆற்றலுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, அதே வெடிப்பில் புதைந்த அண்டை நகரான ஹெர்குலேனியத்தில் உள்ளது. 'மொசைக் முற்ற வீடு' என்று அழைக்கப்படும் வீட்டில் ஒரு பெண்ணின் முக ஓவியம் இருக்கிறது. தோண்டியெடுத்த பிறகு, சில பத்தாண்டுகளில் உப்பும் ஈரமும் அரித்து, வெறும் கண்ணுக்கு முகம் சரியாகவே தெரியாத நிலைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் பிராட் கல்விக் கழகத்தைச் சேர்ந்த எலியோனோரா டெல் ஃபெடரிகோவின் குழு அதன் முன்னே எக்ஸ் கதிர் வருடியை நிறுத்தி, புள்ளி புள்ளியாகத் தனிம வரைபடம் எடுத்து 2017இல் வெளியிட்டது. இரும்பு வரைபடத்தில் ஓவியர் முதலில் போட்ட கோட்டுருவம் தெரிந்தது. ஈய வரைபடத்தில் கண்களைச் சுற்றி அவர் கொடுத்த அழுத்தம் தெரிந்தது. கன்னங்களில் பொட்டாசியம் தென்பட்டது. பச்சை மண்ணில் பொட்டாசியம் உண்டு. சதை நிறத்துக்கு அடியில் பச்சையைப் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்பை ஏற்றியிருக்கிறார் அந்தப் பெயர் தெரியாத ஓவியர். மங்கிப்போன ஒரு முகத்தில் அவர் கையின் வரிசையையே படிக்க முடிந்திருக்கிறது. இந்தத் துறையின் மதிப்பை உணர இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள் சிவப்பானது எப்படி?

இப்போது செய்திக்கு வருவோம். கோத்தைட்டைச் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அதிலுள்ள நீர்க்கூறு வெளியேறிவிடும், எஞ்சுவது ஹேமடைட். மஞ்சள் சிவப்பாகிவிடும். சூளையில் மஞ்சள் களிமண் செங்கல்லாகச் சிவப்பதிலும் இந்த மாற்றத்துக்குப் பங்கு உண்டு. பொம்பெயை மூடிய எரிமலைச் சாம்பலும் வாயுவும் கலந்த ஓட்டம் சில இடங்களில் 300 டிகிரியை எட்டியது. ஹெர்குலேனியத்தில் மரச்சாமான்கள் கரியாகிப்போயின. ஆகவே மாற்றம் நடந்திருக்க முடியும் என்பதில் ஐயமில்லை. எந்தச் சுவரில் நடந்தது என்பதுதான் கேள்வி.

இத்தாலியின் தேசிய ஒளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த செர்ஜியோ ஓமரினி 2011இல் சொன்ன கணக்கு இது: இன்று சிவப்பாகத் தெரியும் சுவர்கள் 246, மஞ்சளாகத் தெரிபவை 57. முதலில் இருந்திருக்க வேண்டிய எண்ணிக்கை, சிவப்பு 165, மஞ்சள் 138.

இந்த எண்களை நிதானமாகப் படித்தால் மூன்று விஷயங்கள் புரியும். இன்றைய சிவப்புச் சுவர்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 81, மஞ்சளாகப் பிறந்தவை. மீதி மூன்றில் இரண்டு பங்கு ஓவியரே சிவப்பாகப் பூசியவை. அந்தக் கணக்கின்படியே பார்த்தாலும் தொடக்கத்தில் சிவப்பே அதிகம். மஞ்சள் அதற்கு மிக அருகில் நின்றது. "பொம்பெய் சிவப்பே பொய்" என்பவர்கள் இந்த 165ஐக் கவனிக்கவே இல்லை. பொம்பெயில் மஞ்சளுக்கு நாம் கொடுத்த இடம் குறைவு என்பதே ஆய்வின் சரியான பொருள்.

ஆனால் ஒரு சிவப்புச் சுவரைக் காட்டி, இது மஞ்சளாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? எக்ஸ் கதிர் ஒளிர்வு இங்கே உதவாது, இரண்டுமே இரும்புதான். ராமன் நிறமாலை ஹேமடைட் என்று சொல்லும். அது பிறவி ஹேமடைட்டா, சுட்ட ஹேமடைட்டா? இங்கும் தடயங்கள் உண்டு. கோத்தைட் துகள்கள் ஊசி வடிவில் இருக்கும். சூட்டில் ஹேமடைட்டாக மாறிய பிறகும் அந்த ஊசி வடிவம் பெரும்பாலும் நிலைத்திருக்கும். அவசரமாக உருவான படிகம் ஒழுங்கு குறைந்ததாக இருக்கும், எக்ஸ் கதிர் படிகத்தில் பட்டு விலகும் விதத்தை அளக்கும் விளிம்பு விளைவுச் சோதனையில் அதன் கோடுகள் அகன்று தெரியும்.

இத்துடன் முடிந்தது என்று நினைத்தால், அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை. ரோமானியர்களும் கிரேக்கர்களும் தாங்களே மஞ்சள் காவியைச் சுட்டுச் சிவப்பாக்கினார்கள். தீப்பிடித்த ஒரு விடுதியில் மஞ்சள் காவி பாதி எரிந்து சிவந்திருந்ததைப் பார்த்து, கீடியாஸ் என்பவர் இந்த முறையைக் கண்டுபிடித்தார் என்று கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதிவிட்டார். ஓவியர் பட்டறையில் சுட்டதும் எரிமலை சுவரில் சுட்டதும் படிக அளவில் ஒரே பொருள். எந்தக் கருவியாலும் அந்த ஒற்றைத் துகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தீர்ப்பு சொல்வது சுவர்தான். ஒரே வண்ணப் பரப்பில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளும் இருந்து, இடையில் ஓவியர் வரைந்த எல்லைக்கோடு இல்லாமல் ஒழுங்கற்று ஒன்றில் ஒன்று கரைந்தால், அது வெப்பம் போன வழி. விரிசலைச் சுற்றி மட்டும் சிவந்திருந்தால், சூடான வாயு அந்த வழியாக நுழைந்திருக்கிறது. மேல்பரப்பு சிவந்து, குறுக்கு வெட்டின் அடியில் மஞ்சள் எஞ்சியிருந்தால் ஐயமே வேண்டாம். ஓவியர் திட்டமிட்ட நிறம் அலங்காரத்தின் வடிவத்தைப் பின்பற்றும்; எரிமலை கொடுத்த நிறம் வெப்பத்தின் வடிவத்தைப் பின்பற்றும். ஆய்வகக் கருவிக்கும் சுவர் முன் நின்று பார்க்கும் தொல்லியலாளரின் கண்ணுக்கும் இங்கே சம மதிப்பு இருக்கிறது. செய்திகள் கருவியை மட்டும் படம் பிடிப்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

கறுத்துப்போகும் சாதிலிங்கம்

மூன்றாவது தரப்பான காற்றுக்கும் வெயிலுக்கும் சாதிலிங்கமே சிறந்த சாட்சி. இது கறுக்கும் என்பது ரோமானியருக்கே தெரியும். எழுத்தராக இருந்த ஃபபேரியஸ் என்பவர் அவென்டைன் குன்றிலிருந்த தம் வீட்டுத் திறந்த முற்றத்தின் சுவர்களுக்குச் சாதிலிங்கம் பூசினார். முப்பது நாட்களில் நிறம் கெட்டுத் திட்டுத்திட்டாகிவிட்டது, வேறு நிறங்களைப் பூச வேண்டியதாயிற்று என்கிறார் விட்ருவியஸ். காய்ந்த சுவரில் மெழுகும் சிறிது எண்ணெயும் உருக்கிப் பூசித் தேய்த்தால் தப்பிக்கலாம் என்ற வழியையும் அவரே தருகிறார்.

ஒளி பட்டால் சிவப்புப் பாதரசச் சல்பைடு அதே சேர்மத்தின் கறுப்புப் படிக வடிவத்துக்கு மாறுகிறது என்பதே நீண்ட காலமாகச் சொல்லப்பட்ட விளக்கம். வெசூவியஸின் அடிவாரத்தில் டோரே டெல் கிரேக்கோவிலுள்ள ரோமானிய மாளிகை ஒன்றின் கறுத்த துணுக்குகளை, பிரான்சின் கிரனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் என்ற மிக வலிய எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடத்தில் மரீன் கோத் குழுவினர் ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு அதைவிடச் சிக்கலான வேதியியலைக் காட்டியது. கறுத்த மேல்படலத்தில் பாதரசம் குளோரினுடன் சேர்ந்த சேர்மங்கள் இருந்தன. வேறு இடங்களில், சுவரின் கால்சியம் கார்பனேட்டே கந்தகத்தின் தாக்குதலால் ஜிப்சமாக மாறியிருந்தது. கறுப்பு மிக மெல்லிய படலம். அதன் அடியில் சிவப்பு அப்படியே இருந்தது.

கடற்கரை நகரங்களில் குளோரினுக்குப் பஞ்சமில்லை, நவீன நகரக் காற்றில் கந்தகத்துக்கும் இல்லை. மண்ணுக்கடியில் பல நூற்றாண்டுகள் தாங்கிய நிறம், வெளியே வந்த பிறகு கெடுகிறது.

இதனால் என்ன மாறுகிறது?

முதலாவது, பராமரிப்பு. கறுத்த சாதிலிங்கத்தை அழுக்கு என்று எண்ணித் துடைத்தால், துடைப்பது ரோமானியர் பூசிய நிறமியையே. படலத்தின் வேதியியல் தெரிந்தால்தான், கை வைக்கலாமா, கூரை போட்டு ஒளியையும் உப்பையும் தடுப்பதோடு நிற்கலாமா என்று முடிவு செய்ய முடியும். சிவந்த மஞ்சளுக்கோ மருந்தே இல்லை. சுவரில் ஹேமடைட்டைத் திரும்பக் கோத்தைட்டாக்க வழி கிடையாது. அதைக் கணினி மறுவரைவில் மட்டுமே மஞ்சளாகக் காட்டலாம்.

இரண்டாவது, வரலாறு. சுவரின் நிறம் வீட்டுக்காரரின் வசதியைச் சொல்லும் சான்று. காவியா சாதிலிங்கமா என்று கண்ணால் தெரியாத இடத்தில், எக்ஸ் கதிர் ஒளிர்வில் தெரியும் பாதரசத்தின் ஒரு கோடு அந்தக் குடும்பத்தின் செலவுக் கணக்கைத் திறந்துவிடுகிறது. 2024இல் பொம்பெயின் ஒன்பதாம் பகுதியில் வெளிப்பட்ட நீல அறை இதனால்தான் அவ்வளவு பேசப்பட்டது. சுமார் 8 சதுர மீட்டர் பரப்புள்ள சிறு வழிபாட்டு அறை அது; ஆனால் சுவர்களின் பின்புலம் முழுக்க நீலம். ரோமானிய வீடுகளில் நீலத்தை அள்ளிப் பூசுவது அரிது.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்கும் மூலப்பொருள். சுவரில் பூசாத நிறமி கைக்குக் கிடைத்தால், சுவரில் இருப்பதில் எது பிறவி, எது பிற்காலம் என்று நேரடியாகச் சொல்லிவிடலாம். பொம்பெயின் 'வேலையில் இருந்த ஓவியர்கள் வீடு' இந்த வகையில் பெரும் புதையல்: பாதி வரைந்த சுவரோடு நிறமிக் கிண்ணங்களும் கிடைத்தன. ரோமில் பேரரசர் நீரோவின் பொன் மாளிகையில் 15 சென்டிமீட்டர் உயரமும் 2.4 கிலோ எடையும் கொண்ட எகிப்திய நீலக் கட்டி கிடைத்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். உடன் மஞ்சள் காவி நிறைந்த ஜாடியும் செந்நிறமிகள் கொண்ட சிறு பாத்திரங்களும் இருந்தன. பொன் மாளிகைக்கு வெசூவியஸின் வெப்பம் எட்டியதில்லை. பொம்பெய்ச் சுவரின் காவியை அந்த ஜாடியிலுள்ள சுடாத காவியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நீல அறை இருந்த வீட்டிலும் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சாந்தில் அரைத்துச் சேர்ப்பதற்காக என்று கருதப்படும் வெற்றுச் சிப்பி ஓடுகள் அந்த அறையிலேயே குவிந்து கிடந்தன. மெழுகும் வார்னிஷும் படாத சுவர் ஒரு பக்கம், வேலைக்குச் சேர்த்து வைத்த பொருள் மறுபக்கம். 18ஆம் நூற்றாண்டில் சுவரிலிருந்து வெட்டியெடுத்து நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோன ஓவியங்களில் வார்னிஷைக் கடந்துதான் நிறமியை எட்ட வேண்டியிருக்கிறது. இங்கே அந்தத் தடை இல்லை.